பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை டாங்கிள்: டிரைவர் முதல் சிக்னல் வரை

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் விஷயம் புரியும். இரண்டாம் கையாக ஒரு டெஸ்க்டாப் வாங்கியிருக்கிறீர்கள். மூன்றாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. ரூட்டர் கீழே ஹாலில், கம்ப்யூட்டர் மாடி அறையில். 150 எம்பிபிஎஸ் என்று போட்ட ஒரு சின்ன யூஎஸ்பி டாங்கிள், அதாவது கம்ப்யூட்டருக்கு வைஃபை தரும் குச்சி, வாங்கிச் செருகினீர்கள். கூட வந்த குட்டி சிடியைப் போட கம்ப்யூட்டரில் சிடி டிரைவே இல்லை. கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் '802.11என் என்ஐசி' என்று ஒரு வரி மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கிறது, வைஃபை பட்டனையே காணோம். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, டிரைவரை (ஒரு கருவியை இயக்க விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருளை) தேடித் தரும் டிரைவர் அப்டேட்டர் ஒன்றைப் போட்டீர்கள், அது பணம் கேட்கிறது. மகளின் ஆன்லைன் வகுப்புக்கு அவசரம். 'இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே மாட்டும் கார்டு வாங்கிவிடலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. டாங்கிள் நன்றாக இருக்கிறதா என்பது ஒன்று. நன்றாக இருந்தாலும் மாடி அறைக்கு அது போதுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு இங்கிருந்தே கிட்டத்தட்ட உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவது உங்கள் வீட்டுச் சுவரையும் தளத்தையும் பொறுத்தது. அங்கே என்னால் வழிதான் காட்ட முடியும், முடிவை நீங்கள் சோதித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சர்வீஸ், நெட்வொர்க் வேலை என்று பல வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். திருப்பிக் கொடுக்க வரும் டாங்கிள்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போனவை இல்லை என்பது என் அனுபவம்.

அந்த '802.11என் என்ஐசி' என்ற பெயரை விண்டோஸ் வைக்கவில்லை. டாங்கிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் அதனிடம் 'நீ யார்' என்று கேட்கும். உள்ளே இருக்கும் சிப், தன் கம்பெனி எண், மாடல் எண், பெயர் மூன்றையும் சொல்லும். அந்தப் பெயர் திரையில் வந்திருக்கிறது என்றால் மின்சாரம் போகிறது, யூஎஸ்பி பேசுகிறது, சிப் பதில் சொல்கிறது என்று அர்த்தம். இல்லாதது டிரைவர் மட்டும்தான். அந்த வரியை இரண்டு முறை கிளிக் செய்தால் 'கோட் 28' என்று எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை என்பதற்கான எண் அது. நிஜமாகவே அடிபட்ட டாங்கிள் என்றால் 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று வரும். தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாத நிலை அது. வேறு போர்ட்டிலும் வேறு கம்ப்யூட்டரிலும் அதே வரி வந்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம். உங்களுடையது அப்படி இல்லை. ரேடியோ பகுதி நன்றாக இருக்கிறதா என்பது மட்டும் டிரைவர் ஏறிய பிறகுதான் தெரியும்.

சரி, எந்த டிரைவர்? பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். டப்பாவில் இருக்கும் கம்பெனி பெயரைக் கூகுளில் போட்டுத் தேடுகிறார்கள். ஆனால் டாங்கிள் விற்கும் கம்பெனிகளில் மிகப் பலவும் சிப் செய்வதில்லை. ரியல்டெக், மீடியாடெக் போன்ற சில கம்பெனிகளின் சிப்பை வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, தங்கள் பெயரை அச்சடித்து விற்கிறார்கள். ஒரே பெயரில், ஒரே மாடல் எண்ணில், உள்ளே வேறு வேறு சிப் இருப்பதும் உண்டு. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற மாடல் இதற்குப் பெயர்போனது. முதல் வெர்ஷனில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப், இரண்டாம் வெர்ஷனிலிருந்து ரியல்டெக் சிப். ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்கு ஆகாது. டப்பாவில் 'வெர்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை யாரும் கவனிப்பதில்லை. டப்பாவே போய்விட்டாலும் கவலையில்லை, சிப்பையே கேட்டுவிடலாம்.

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் போட்ட வரியில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ் டேப். 'ப்ராப்பர்ட்டி' என்ற பெட்டியில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழே இரண்டு மூன்று வரிகள் வரும். அவற்றில் 'விஐடி' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இடம், 'பிஐடி'க்குப் பின்னால் நான்கு இடம் இருக்கும். முதல் நான்கு கம்பெனி, அடுத்த நான்கு சிப்பின் மாடல். விஐடி '0BDA' என்று இருந்தால் ரியல்டெக். '148F' என்று இருந்தால் ராலிங்க். இந்தக் கம்பெனியை 2011இல் மீடியாடெக் வாங்கிவிட்டது, ஆனால் பழைய எண் பல சிப்புகளில் அப்படியே தொடர்கிறது. சில பெரிய பிராண்டுகள் தங்கள் சொந்த எண்ணைப் போட்டிருக்கும், அப்போது இரண்டு எண்களையும் சேர்த்துத் தேட வேண்டும். நீங்கள் சொன்ன பெயரை வைத்துப் பார்த்தால் ரியல்டெக் 8188 வரிசையில் ஒன்றாக இருக்கும் என்று கணிக்கிறேன். மீடியாடெக்கின் எம்டி7601யூ சிப் என்றால் '802.11 என் டபிள்யூலேன்' என்று தன்னைச் சொல்லியிருக்கும். ஆனாலும் கணிப்பை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். 8188 என்று தொடங்கும் சிப்புகளிலேயே ஈயூ, எஃப்டிவி, ஜியூ என்று பல இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேறு.

அடுத்த சிக்கல், நெட்டுக்காக வாங்கிய டாங்கிளுக்கு டிரைவர் எடுக்கவே நெட் வேண்டும். இதற்கு வழி உங்கள் பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10இல் இதற்கு வேண்டிய டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. சில விநாடிகளில் கம்ப்யூட்டருக்கு நெட் வந்துவிடும். போன் அப்போது வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்களில் அந்த நெட்டே கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும், மொபைல் டேட்டா செலவாகாது. மகளுக்கு நாளைக் காலையே வகுப்பு என்றால் இப்படியே உட்கார்ந்து முடித்துவிடலாம், டாங்கிளைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில கேபிள்கள் சார்ஜுக்கு மட்டும்தான், உள்ளே டேட்டா கம்பி இருக்காது. டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நெட் வந்ததும் டாங்கிளைச் செருகிய நிலையில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து 'செக் ஃபார் அப்டேட்ஸ்' கொடுங்கள். 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இணைப்பு தெரிந்தால் அதன் உள்ளே டிரைவர் அப்டேட்ஸ் பகுதியையும் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே வேலை முடிந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் அடுத்த இடம் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளம். கடைக்காரர்கள் பலருக்கே தெரியாத இடம் இது. அதன் தேடல் பெட்டியில் நீங்கள் குறித்துவைத்த ஹார்டுவேர் ஐடியைப் போட்டால் அந்த சிப்புக்கு மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட டிரைவர்கள் பட்டியலாக வரும். விண்டோஸ் 10க்கானதை இறக்கினால் 'கேப்' என்ற சுருக்கிய கோப்பாக வரும். செவன்-ஜிப் போன்ற ஒன்றால் அதை ஒரு ஃபோல்டரில் விரித்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' என்று போய் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். முக்கோணம் மறைந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதிக்குக் கீழே முழுப் பெயரோடு டாங்கிள் வந்து உட்காரும். மூன்றாவது வழி அந்தக் குட்டி சிடியேதான். சிடி டிரைவ் உள்ள யாராவது ஒருவருடைய கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே இருப்பதை பென்டிரைவில் காப்பி செய்து வாருங்கள். ஆனால் சிடியில் இருப்பது பெரும்பாலும் பழைய டிரைவராக இருக்கும், அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

அந்த டிரைவர் அப்டேட்டர் மென்பொருளைத் தயவுசெய்து இன்றே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிப்புக்கு டிரைவர் இலவசம். அதற்குக் காசு வாங்க யாருக்கும் வேலையில்லை. இந்த வகை மென்பொருள்களில் பல, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கிராஃபிக்ஸ், சவுண்டு டிரைவர்களையும் 'பழசு' என்று சொல்லி மாற்றிவிடும். ஒரு வைஃபை பிரச்சினையோடு வந்தவர் நான்கு பிரச்சினைகளோடு நிற்பார். டிரைவர் பெயரைத் தேடும்போது முதலில் வரும் 'டவுன்லோட்' என்ற பெரிய பச்சைப் பட்டன் தளங்களும் இதே ரகம்தான்.

நீங்கள் சொன்ன அறிகுறி இல்லாமல், டாங்கிளைச் செருகியதும் புதிதாக ஒரு சிடி டிரைவ் தோன்றுகிறது என்று சிலர் எழுதுவார்கள். அந்த டாங்கிளில் டிரைவரை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். முதலில் அது சிடி போல வேஷம் போடும். அதைத் திறந்து செட்டப்பை ஓட்டினால் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக மாறும். இன்னொரு வகை: டிரைவர் சரியாக ஏறியிருக்கும், அடாப்டர் பெயர் தெரியும், ஆனால் வைஃபை பட்டியல் வராது. அப்போது விண்டோஸின் சர்வீசஸ் பகுதியில், வைஃபையைக் கவனிக்கும் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' ஓடுகிறதா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் ஆட்டோமேட்டிக் என்று மாற்றி ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்புகளில் வேகமாக ஓடட்டும் என்று யாரோ வெட்டிச் சுருக்கிய 'லைட்' விண்டோஸைப் போட்டு விற்கிறார்கள். டிரைவர்களும் சில சர்வீஸ்களும் அதில் வெட்டுப்பட்டிருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் அந்த சர்வீஸ் பெயரே இல்லை என்றால் டாங்கிளோடு போராடிப் பயனில்லை, முறையான விண்டோஸைப் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். டிரைவருக்கு இப்போதைக்கு அதனால் பிரச்சினை இல்லை, பாதுகாப்பு அப்டேட்தான் கேள்வி.

டிரைவர் ஏறியபின் இணைப்பது சுலபம். வலது கீழ் மூலையில் வைஃபை குறியைத் தட்டி, உங்கள் நெட்வொர்க் பெயரைத் தேர்ந்து, 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி'யை டிக் செய்து, பாஸ்வேர்டு கொடுத்தால் சரி. ரூட்டரில் இரண்டு பெயர் வைத்து, ஒன்றுக்குப் பின்னால் '5ஜி' என்று போட்டிருந்தால் அந்தப் பெயர் உங்கள் பட்டியலில் வராது. பயப்பட வேண்டாம், 150 எம்பிபிஎஸ் டாங்கிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்பவை, 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றின் காதில் விழாது. 2.4 பெயரும் தெரியவில்லை என்றால் ரூட்டரின் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் ரூட்டர் பயன்படுத்தும் பகுதியின் எண்ணை, பாருங்கள். நம் நாட்டில் 13 சேனல் வரை அனுமதி உண்டு, ஆனால் அமெரிக்கச் சந்தைக்கு அமைத்த அடாப்டர்கள் 11க்கு மேல் பார்க்காது. ரூட்டரில் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வைத்துவிட்டால் எல்லாக் கருவிக்கும் ஒத்துப்போகும். பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால் ரூட்டரில் பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய சிப்புகளுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையில் வைத்தால் பெரும்பாலும் இணைந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன், வைஃபை மேல் பழி விழும் ஆனால் வைஃபைக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறு இது. வைஃபை இணைந்திருக்கும், சிக்னல் முழுசாக இருக்கும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்று வரும். கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருஷம் பின்னால் நிற்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். தேதி தப்பானால் இணையதளங்களின் சான்றிதழ்கள் காலாவதியானவை போலவோ இன்னும் தொடங்காதவை போலவோ தெரியும், பிரவுசர் திறக்க மறுக்கும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கிற அந்த செல்லை மாற்றி, பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில்) தேதியைச் சரிசெய்தால் எல்லாம் திறக்கும். இன்னொரு அறிகுறி: கம்ப்யூட்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 169.254 என்று ஆரம்பித்தால் ரூட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை என்று அர்த்தம். அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்துவிட்டு, ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு மறுபடி இணையுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, மாடிக்கு இது போதுமா? டப்பாவில் இருக்கும் 150 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எதிர்பார்ப்பு சரியாக இருக்கும். 802.11என் என்ற வைஃபை முறையில் ஒற்றை ஆன்டெனா, 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் எட்டக்கூடிய உச்ச எண் அது. பக்கத்து வீட்டு ரூட்டர்கள் நிறைந்த தெருவில் 40 அகலம் கிடைப்பது அபூர்வம், ரூட்டர் 20க்கு இறங்கிவிடும். அப்போது உச்சமே 72 தான். அதிலும் காற்றில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் செலவு போக, ஸ்பீடு டெஸ்டில் தெரிவது ஏறத்தாழ பாதி. அதாவது எல்லாம் நன்றாக அமைந்தால் 30, 40 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் ப்ளான் போட்டுவிட்டு 35 வருகிறதே என்று கோபப்பட வேண்டாம், டாங்கிளின் எல்லை அவ்வளவுதான். ஆனால் ஒரு வீடியோ வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் நிலையாக வந்தாலே தாராளம். ஆகவே உங்களுக்கு வேகம் பிரச்சினையாக இருக்காது. விட்டுவிட்டு வருவதுதான் பிரச்சினையாகலாம், அதைத்தான் பார்க்க வேண்டும்.

நகம் அளவு டாங்கிளை டெஸ்க்டாப்பின் பின்பக்கம் செருகினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் இரும்பு கேபினெட், இன்னொரு பக்கம் சுவர், நடுவில் கேபிள் கூட்டம், அதற்குள் ஒரு குட்டி ஆன்டெனா. கீழிருந்து கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும் சிக்னல் அங்கே போய்ச் சேரும்போது பாதி செத்திருக்கும். பத்து நிமிஷ வேலையில் இதைச் சரிசெய்யலாம். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை அதன் நுனியில் செருகி, மேசை மேலோ மானிட்டருக்கு மேலோ, மாடிப்படி இருக்கும் பக்கம் பார்த்து வையுங்கள். கதவு, மாடிப்படி வழியாக வரும் சிக்னல் தளத்தைத் துளைத்து வருவதைவிட நன்றாக இருக்கும். டாங்கிள் மாற்றாமல், ரூட்டர் மாற்றாமல், இந்தக் கேபிள் ஒன்றாலேயே தீர்ந்த வீடுகள் நிறைய. கேபிளை நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் போடாமல் கறுப்பு 2.0 போர்ட்டில் போடுங்கள். யூஎஸ்பி 3.0 ஓடும்போது அதிலிருந்து கசியும் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே விழுகிறது. இன்டெல் 2012இல் இதை அளந்து தனி ஆவணமாகவே வெளியிட்டது. நீல போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஓடும்போது மட்டும் வைஃபை திணறினால் காரணம் இதுதான்.

சில நிமிஷம் சும்மா விட்டால் கட்டாகிறது, டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் வருகிறது என்று இருந்தால், அது சிக்னல் கோளாறு இல்லை, மின்சாரச் சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் டேப்பில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் டிஸேபிள் செய்யுங்கள். டெஸ்க்டாப்புக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வகுப்பு தடுமாறினால் தப்பு யாருடையது என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையில் இன்டர்நெட் முகவரி எதையும் போடாமல் உங்கள் ரூட்டரின் முகவரியையே போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். தொடர்ந்து ஓடும்படி கடைசியில் '-t' என்று சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பதில் வந்த நேரம் மில்லி விநாடியில் தெரியும். 2, 3, 5 என்று ஓடினால் டாங்கிளும் காற்றும் நலம், தடுமாற்றம் ரூட்டருக்கு அப்பால், இணையச் சேவை தருபவரிடம். 3, 4, 280, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', 350, 6 என்று துள்ளினால் உங்கள் மாடிக்கும் ஹாலுக்கும் நடுவில்தான் பிரச்சினை. வகுப்பு நடக்கும்போதே இதை ஒரு ஓரத்தில் ஓட விட்டால் படம் உறையும் நொடியில் எண் குதிக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். எந்தச் சேவை மையத்துக்குப் போன் செய்வதற்கு முன்னாலும் இதைச் செய்யுங்கள்.

உள்ளே மாட்டும் கார்டு வாங்கலாமா என்றால், நல்ல பொருள்தான், ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை. அதற்கும் டிரைவர் வேண்டும், அதுவும் கேபினெட்டின் பின்னால்தான் இருக்கும். அதன் பலம் பெரிய ஆன்டெனாக்களும் இரண்டு அலைவரிசைகளும். வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 என்ற குட்டி ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் அந்தக் கார்டு உட்காரும். ஆபீஸ்களிலிருந்து வரும் ஒல்லி கேபினெட்டாக இருந்தால், கார்டோடு குட்டையான உலோகப் பட்டையும் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், நீளப் பட்டை உள்ளே போகாது. மூன்றாவது, கார்டில் இருக்கும் வைஃபை சிப்: இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 எந்த போர்டிலும் பெரும்பாலும் ஓடும், ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஓடாது. அவை குறிப்பிட்ட புதிய இன்டெல் போர்டுகளுக்கென்றே செய்தவை, எண் கிட்டத்தட்ட ஒன்று போல இருப்பதால் மாற்றி வாங்கி ஏமாறுகிறவர்கள் ஏராளம். ஏஎக்ஸ்210க்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 கட்டாயம். மாட்டும்போது பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டு கை வையுங்கள். கூட வரும் மெல்லிய கேபிளை மதர்போர்டில் 'எஃப்_யூஎஸ்பி' போன்ற பெயருள்ள 9 பின் இடத்தில் செருக வேண்டும், ப்ளூடூத்துக்கு இணைப்பு அதுதான். அதை விட்டுவிட்டு 'வைஃபை வருகிறது, ப்ளூடூத் வரவில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

கார்டு மாட்டத் தயக்கம் என்றால் இரண்டு அலைவரிசையும் உள்ள யூஎஸ்பி அடாப்டரே போதும். டப்பாவில் 'ஏசி600' என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் 433, 2.4இல் 150, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. 'ஏசி1300' என்றால் 867உம் 400உம். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் ஓடும், கூட்டுத்தொகை வேகம் ஒருநாளும் வராது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் கான்கிரீட்டைத் தாண்டுவதில் 2.4ஐவிட மோசம். உங்கள் மாடியில் எது வெல்லும் என்று நான் சொன்னால் அது ஊகம். கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் உங்கள் போனை வைத்து இரண்டிலும் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், காசு கொடுப்பதற்கு முன்னாலேயே பதில் கிடைத்துவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: அங்கே சிப்தான் எல்லாம். மீடியாடெக் எம்டி7601யூ, எம்டி7612யூ போன்றவற்றின் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது, செருகினால் ஓடும். ரியல்டெக் 8821சியூ, 8822பியூ போன்றவற்றுக்குக் கர்னல் 6.2இல் இருந்துதான் உள்ளேயே ஆதரவு வந்தது. அதற்கு முந்தைய கர்னல் என்றால் வெளியிலிருந்து டிரைவர் கட்ட வேண்டியிருக்கும், கையெழுத்தில்லாத மென்பொருளைத் தடுக்கும் 'செக்யூர் பூட்' ஆனில் இருந்தால் அந்த டிரைவரை ஏற்க மறுக்கும்.

ஆக, டாங்கிளை இன்றைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். போன் டெதரிங், ஹார்டுவேர் ஐடி, விண்டோஸ் அப்டேட், அப்புறம் எக்ஸ்டென்ஷன் கேபிள், இந்த வரிசையில் போங்கள். டிரைவர் ஏறியும் ரூட்டருக்குப் பக்கத்திலேயே சிக்னல் பலவீனமாக இருந்தால் ரேடியோ பகுதி கோளாறு, அப்போது மாற்றிக் கேட்கலாம், திருப்பும் தேதி தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிக்கு எந்த வழியிலும் நிலையாக வரவில்லை என்றால், மாடிப்படி ஓரமாக ஒரு கேட்6 கேபிள் இழுத்துவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. 100 மீட்டர் வரை போகும், உங்கள் டெஸ்க்டாப்பில் அதற்கான போர்ட் ஏற்கெனவே இருக்கும், டிரைவர் தொல்லையும் பெரும்பாலும் கிடையாது. விஐடி, பிஐடி எண் இரண்டையும் இங்கேயே எழுதுங்கள், எந்த டிரைவர் என்று பார்த்துச் சொல்கிறேன்.